வெந்நீரில் போன பாலம்

என் கணவர் திருச்சியில் ஓர் ஆபீஸில் படம் வரைபவர். பாலங்களின் படம். அந்தக் காலத்தில் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில்தான் வரைவார்கள். வரையும்போது கெட்டுப்போனதை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சியோடு மையும் போய், மல் துணியே அதன் மென்மைக்குத் தோற்றுவிடும். ஆபீஸ்காரர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அதில்தான் சட்டை. எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டிலும் அப்படித்தான். ஒரு பொட்டு மை தங்க விடமாட்டேன். அதில் எனக்கு அநியாயக் கர்வம்.

பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, கெட்டுப்போன படத்தையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். பழக்க தோஷத்தில் இவர் ஒன்றை மடித்து எடுத்து வந்துவிட்டார். கொள்ளிடம் பாலத்தின் படம். அது குறைகிறது என்று தெரிந்ததும் போலீஸ் இவரை ஆபீஸிலிருந்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. எதிரிக்குக் கொடுத்துவிட்டாராம். அரசாங்க ரகசியச் சட்டமாம். வருஷக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார்கள்.

அந்தப் படம் என் எட்டு மாதப் பையன் உடம்பில் இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி வைத்தேன்.

"இதுதாங்க அந்தப் படம். நான்தாங்க துவைச்சுத் தைச்சேன்."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"கிழிச்சுக் காவேரியில போட்டுட்டேன்னு உங்க வீட்டுக்காரரு எழுதிக் கொடுத்திருக்காரும்மா. நீங்க சட்டைங்கிறீங்க. எதும்மா பொய்?"

நான் சட்டையின் தையலைத் தொட்டுக் காட்டினேன்.

"அதை வாங்கி வெச்சிருந்தவங்க மேலயும் கேஸ் உண்டு, தெரியுமில்ல?"

அப்போதுதான் இவர் ஏன் ஆற்றை இழுத்தார் என்று புரிந்தது. என்னைக் காப்பாற்றுகிறாராம்! எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரு பொய் சொன்னார், நான் உண்மையைக் கொண்டுபோய் அதைக் கெடுத்தேன்.

இவரைக் கூட்டிவந்தார்கள். பையன் தாவிக் கையை நீட்டினான். இன்ஸ்பெக்டர் சட்டையைக் காட்டி, "இது என்னய்யா?" என்றார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கடையில வாங்கின துணிங்க. பயத்துல இவளுக்குப் புத்தி கலங்கிருச்சு. வீட்டுக்கு அனுப்பிடுங்க."

இவரை மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கு இருந்த ஒரே சாட்சியை இன்ஸ்பெக்டர் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளைக்குப் போட்டுவிடுங்கம்மா" என்றார்.