ஆமென் போட்ட கூட்டம்

ஆராதனையில் கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் ஞாயிறுதோறும் செங்காங்கில் ரயில் ஏறுவேன். லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சபைக்கு நடப்பதற்குள் பாதித் தீர்மானம் காணாமல் போய்விடும். அன்றைக்கு மீதியும் போயிற்று.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை யாரும் எழுந்து வந்து சொல்லலாம். வீடு கிடைத்தது, பிள்ளை பரீட்சையில் தேறினான் என்று சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆமென் போடும். அன்று மைக்கைப் பிடித்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒரு தம்பி. வேலையிடத்தில் இரும்புச் சட்டம் விழுந்து இடது கை நசுங்கியிருந்தது. அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டரும் எங்கள் சபைதான், கமிட்டியில் பெரிய ஆள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆபரேஷன் பண்ணா கை சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா கம்பெனில புதன்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. நாளைக்கு கவர்மெண்ட் லேபர் ஆபீஸ்ல போய்ச் சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் வராது. யாராவது கூட வந்தா நல்லாருக்கும்."

கூட்டம் "ஆமென்!" என்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமென் என்றது. பின்னால் ஒரு குரல் அல்லேலூயாவும் சேர்த்துக்கொண்டது. ஆராதனை நடத்தியவர் மைக்கை வாங்கி, "பிரதருக்காக எல்லாரும் கையை நீட்டி ஜெபிப்போம்" என்றார். இருநூறு கைகளாவது நீண்டிருக்கும். காண்ட்ராக்டரின் கையும் நீண்டது.

ஜெபம் முடிந்ததும் தொழிலாளிகளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். கமிட்டிச் செயலாளரைப் பிடித்துக் கேட்டேன், அந்தத் தம்பியோடு யார் போகப்போகிறீர்கள் என்று.

"அது அவங்க கம்பெனி விஷயம்லா, சிஸ்டர். நாம தலையிட முடியாது. ஊருக்குப் போறப்ப பழம் பிஸ்கட்லாம் வச்சு நல்ல ஹேம்பரா குடுக்கலாம்னு இருக்கோம். தரித்திரர் எப்பவும் நம்மகூட இருப்பாங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருல்ல?"

அந்த வசனத்தை வைத்துக் கைகழுவுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய நியாயப்பிரமாணத்தில் அந்த வாக்கியம் அதோடு முடியவில்லை. ஏழைகள் எப்போதும் இருப்பார்கள், ஆகவே உன் கையைத் திற என்று போகிறது. இவர்கள் முதல் பாதியோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். சரி, ஹேம்பருக்காகக் கையையாவது திறக்கிறார்கள். பேச முடியாதவனுக்காக வாயைத் திற என்றும் அதே வேதத்தில் இருக்கிறதே! காண்ட்ராக்டருக்கு எதிரில் அந்த வாய்தான் திறக்கவில்லை. ஏழை என்றால் சோறு கேட்பான் என்று இவர்களாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி சோறு கேட்கவில்லை.

"அப்ப நான் போறேன்" என்றேன்.

"உங்க இஷ்டம், சிஸ்டர். சபை பேரை மட்டும் இழுக்காதீங்க."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தத் தம்பியோடு போனேன். ஜெபம் வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். ரயிலில் ஜெபித்துக்கொண்டேதான் போனேன். அலுவலகத்தில் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். ஊரில் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமே என்று கம்பெனி ஆள் போனில் இழுத்தான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிகிச்சை முடியாமல் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். டிக்கெட் ரத்தானது. அந்த வாரமே ஆபரேஷனும் நடந்தது. பெரிய வீரமெல்லாம் இல்லை. சபையில் இங்கிலீஷ் தெரிந்த யார் போயிருந்தாலும் நடந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி வரவில்லை. கை வலிக்கிறதோ என்று பயந்து, ஆராதனை நடக்கும்போதே வெளியே வந்து போன் போட்டேன்.

"வலி இல்லக்கா. நான் வந்தா பாஸுக்குச் சங்கடமா இருக்கும். அவரு நிம்மதியா ஆராதிக்கட்டும். நான் ரூம்லயே ஜெபம் பண்ணிக்கிறேன்."

போனை வைத்தேன். கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். அவருடைய பாஸ் இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணை மூடி, எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.