பதினெட்டாம் குழி

அப்பா, அம்மா, நான். சித்தப்பாவோடு கோல்ஃப் விளையாடுகிற இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். மைதானத்தில் அவ்வளவு பேர்தான். சித்தப்பாவை முதல்நாள் புதைத்துவிட்டோம். எரிக்க அந்த ஊரில் வசதியில்லை.

மெல்பேர்னிலிருந்து இரண்டு நாள் காரில் போயிருந்தோம். ஓபல் கல் தோண்டுகிற பாலைவன ஊர். எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பா முதலில் எங்களோடு மெல்பேர்னில், கிளேட்டனில்தான் இருந்தவர். குடிக்கிறார் என்று அப்பா வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். அவர் அந்த ஊருக்குப் போய்விட்டார். நாலு வருடம் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அந்த ஊர்க் கோல்ஃப் மைதானத்தில் ஒரு புல்லும் கிடையாது. செம்மண்ணும் கல்லும்தான். ஆளுக்கொரு துண்டு பிளாஸ்டிக் புல்லைக் கையில் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் ஊற்றி இறுக்கிய கறுப்பு மணல்.

சித்தப்பா பதினேழு குழி முடித்துவிட்டு, கடைசியான பதினெட்டாவதுக்கு நடக்கும்போது விழுந்தவர். நெஞ்சுவலி. எந்தக் குழிக்கு எத்தனை அடி என்று எழுதுகிற அவருடைய அட்டையைக் கிழவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். பதினேழு கட்டத்திலும் அவர் கையால் எழுதிய எண்கள். கடைசிக் கட்டம் வெறுமை. அதை நீதான் அடித்து முடிக்கவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார்கள். குறைய அடித்தவர்தான் வெல்கிற விளையாட்டு இது, ஆனாலும் உன் தம்பி ஓர் அடியைக்கூடக் குறைத்து எழுதியதில்லை என்றும் சொன்னார்கள்.

அப்பா அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. சித்தப்பாவின் மட்டையை வாங்கினார். பென்சிலை என்னிடம் தந்தார்.

"ஒண்டும் விடாமல் எண்ணு."

ஒன்பது அடியில் பந்து கறுப்பு மணலுக்கு வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கால் வைத்தார். அதைப் பார்த்து ஒரு கிழவரும் சப்பாத்தைக் கழற்றினார்.

பத்தாவது அடியில் குழிக்கு ஒரு சாண் தூரம். பதினொன்று, பந்து இந்தப் பக்கம் போனது. பன்னிரண்டு, அந்தப் பக்கம்.

கரம்போர்ட் விளையாட்டில் அப்பாவை வெல்ல எங்கள் சனத்தில் ஆளில்லை. அவர் ஒரு சாணில் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, காலால தட்டினாலும் விழும்" என்றார் அம்மா.

"பாத்துக்கொண்டுதானே நிக்கிறாய். விழுகுதில்லை."

ஒரு கிழவர், போதும், பந்தை எடு என்றார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்பா, வேணுமெண்டு பிழையா அடிக்கிறீங்கள்."

"நீ எண்ணு பிள்ளை."

வெயில் ஏறியது. ஈ வாயில் மொய்த்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. எண்ணினேன். கடைசியில் அம்மா போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் பந்து விழுந்தது.

கிழவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. இருவரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

பந்து விழுந்தால் சித்தப்பாவை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் காரில் ஏறவேண்டும். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. கட்டத்தில் நான் எழுதியது முப்பத்தொன்று.