மொழிபெயர்க்கப் போகாத நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாரிஸின் லா சப்பலில் என்னிடம் சேலைச் சட்டை தைக்க வருகிற பெண்களைக் கேட்டால், கொஞ்சமல்ல என்பார்கள். பிரெஞ்சு நன்றாக வரும் என்பதால் அந்த வாய்க்கு வேலையும் இருந்தது. பிரெபெக்த்தூர் அலுவலகத்தில் விசா புதுப்பிக்க, பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் வருத்தத்தைச் சொல்ல என்று யாருக்காவது துணையாகப் போய்க்கொண்டே இருப்பேன். போன இடத்தில் கேட்டதை வெளியே மூச்சு விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. என் சொந்தக் கருத்துகளை அடக்கி வைக்க மட்டும் நான் பழகவில்லை.

என் தையல் கடையில் ஓரம் மடிக்க, கொக்கி தைக்க ஒருத்தி இருந்தாள். புறநகரான எபினேயில் இருந்து வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவளுடைய பிரெஞ்சு போன்ஜூர், மெர்சியைத் தாண்டவில்லை. வீட்டிலும் கடையிலும் தமிழிலேயே நாள் ஓடிவிடுகிறபோது அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மார்ச் மாதத் திங்கட்கிழமை காலை, ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்.

"அக்கா, பின்னேரம் உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணும். ஆக்கள் போனாப் பிறகு."

"ஓம், கதைப்பம்," என்றேன்.

பின்னேரம் தொலைக்காட்சியில் வெர்சாய் அரண்மனையைக் காட்டினார்கள். கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியலமைப்பில் எழுதிவைக்க நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் ஒன்றாகக் கூடியிருந்தன. தைத்த சட்டையை வாங்க வந்திருந்த ஒரு பெண்மணி, அமெரிக்காவில் இருக்கும் தன் தங்கையின் கதையை எடுத்தார்.

"அங்கை ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டமாம். ஒரு இடத்திலை ஏலாதெண்டா காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்கு ஓடுகினமாம். நாடு முழுக்க ஒரே சட்டமாப் போடோணும், போடக்கூடாதெண்டு ஒரே சண்டை. இஞ்சை பாருங்கோ, ஒரேயடியா எழுதி வைக்கினம்."

உண்மையில் இந்த விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து எதுவும் இருந்ததில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடையில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

"எழுதட்டும், எழுதட்டும். கலியாணம் கட்டிப் புருசனோடை இருக்கிறவளுக்கு என்னத்துக்கு இது? ஒரு பிள்ளைக்குச் சோறு போடுறவள் இன்னொண்டுக்குப் போட மாட்டாளோ? எல்லாம் கொழுப்பு."

அந்தப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வாக்கெடுப்பு முடிந்து மண்டபமே எழுந்து கைதட்டியபோது நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு அவளிடம், "என்னவோ கதைக்கோணுமெண்டாய்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. மறந்து போச்சு."

மறந்துபோன முகமில்லை அது. எனக்குத் தெரிந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் பையைத் தூக்கியதும் நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மூன்று நாள் வரவில்லை, காய்ச்சல் என்றாள். கோடையில் எபினேக்குக் கிட்ட ஸ்தேனில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது என்று கடையைவிட்டு நின்றுகொண்டாள். நான் என்ன குறை வைத்தேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இந்த வருடம் அவள் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. சட்டை வெட்ட என்னைவிட்டால் ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். அளவெடுக்க மகளைத் தனியே அனுப்பியிருந்தாள். பதின்மூன்று வயது. தோளில் அளவு நாடாவை வைத்தபடி, பகிடியாகத்தான் கேட்டேன்.

"அம்மாவுக்கு என்னோடை என்ன கோவம்? இப்ப ஒண்டுக்கும் கூப்பிடுறேல்லை. ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஆர் துணைக்குப் போறது?"

"நான்தான்," என்றாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறி, அந்த மார்ச் மாதம் அம்மா வயிற்றில் இருந்த பிள்ளையைக் கலைக்கப் போனபோதும் தான்தான் கூடப் போனதாகச் சொன்னாள். அப்பாவுக்கும் பிரெஞ்சு தெரியாது, உணவகத்தில் லீவும் இல்லை. ஆன்ட்டியை, அதாவது என்னைக் கூப்பிடுவோமா என்று இவள் கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவர்களை ஆன்ட்டி ஏசுவா என்று தாய் சொல்லியிருக்கிறாள்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவதாக மருத்துவர் சொன்னாராம். தெரிந்த ஆளாக இருந்துவிட்டால் லா சப்பல் முழுக்கப் பரவிவிடும் என்று தாய் மறுத்துவிட்டாளாம். கடைசியில், இது உங்கள் சொந்த முடிவுதானா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்களாம். பதினொரு வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறது. தாய் பதில் சொல்லாமல் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள்.

"அதாலை நான்தான் *oui*, ஓம் எண்டு சொன்னனான்," என்றாள், தமிழுக்குத் திரும்பி.

நான் சும்மா சிரிப்புக்காகச் சொன்ன ஒரு வார்த்தை இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அந்த ஆஸ்பத்திரிக் கதிரையில் இருத்தியிருக்கிறது. என்னை நானே மன்னிக்க முடியவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மாவும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாவோ?"

"ஓம் பிள்ளை," என்றேன், ஒன்றும் தெரியாமலே. அவள் நம்பவில்லை. அன்று அந்த அறையில் நான் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.