அரை வயிறு

மதுரையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. எலிகளைப் பட்டினி போடுவதுதான் அந்த வேலை. ஊரில் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அம்மாவிடம், கண்ணாடிக் குப்பி கழுவுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

சாயங்காலம் கூண்டுகளிலிருந்து தீவனத் தட்டை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் இருக்கும். மறுநாள் நான் உள்ளே போனதும், தீனி வருகிறது என்று நினைத்து எல்லாம் கம்பிக்கு ஓடி வரும். விரலை நீட்டினால் மோந்து பார்க்கும். இரண்டாம் நாள் ரத்தம் எடுப்போம். பிறகு மூளையையும் எடுப்போம். பட்டினியில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறும், ஆனால் மூளை தன் கொழுப்பை லேசில் விட்டுத்தராது என்று எங்கள் மேடம் விளக்குவார். மற்ற உறுப்பெல்லாம் இளைத்து அதற்குச் சோறு போடுமாம். கொழுப்பு அப்படிக் கரையும்போது அந்தக் கூண்டுகளில் அழுகத் தொடங்கிய பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசனை அடிக்கும். குளித்தாலும் அது மூக்கை விட்டுப் போகாது.

எட்டாம் மாதம் பிரசவத்துக்காக, திருச்சுழிப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். அங்கே அம்மாவின் செம்மறியும் நிறைசினை. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது, இரட்டைக் குட்டி. அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பேச்சுத் துணையே அந்த ஆடுதான். முந்தின ஈற்றில் குட்டி பெருத்து மாட்டிக்கொண்டு, தாயைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதனால் இந்த முறை அம்மா தீனிக்குப் போடும் கடலைக்கொடியைப் பாதியாகக் குறைத்திருந்தாள். எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இதே வைத்தியம்தான். என் தட்டிலும் சோறு பாதியானது.

“வயித்துப்புள்ள பெருத்துருச்சுன்னா ஆசுபத்திரில கத்தியத்தான் எடுப்பாக. கொஞ்சமாத் தின்னு தாயி.”

“எனக்கும் ஆட்டுக்கும் ஒரே டாக்டராம்மா?” என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, செக்கப்புக்கு அருப்புக்கோட்டை போகும் நாட்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாவை வெளுத்துக் கட்டினேன். பைக்குள் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருந்தது. ஆட்டுக்குப் பை ஏது?

இரண்டு குட்டிகளைச் சுமந்துகொண்டு அரை வயிறு தின்றால் அதன் ரத்தம் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, இன்னும் கொஞ்ச நாள்தானே, ஈன்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் ஆடு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கடலைக்கொடியை நீட்டினேன். கண் திறந்திருந்தும் அதற்குப் பார்வை தெரியவில்லை. குனிந்து அதன் வாயருகே போனேன். அதே வாசனை. என் கூண்டுகளின் வாசனை அம்மா வீட்டுத் தொழுவத்தில் அடித்தது. இன்றைக்கும் என் மகள் காய்ச்சலில் சாப்பிடாமல் தூங்கிவிட்டால், நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் முன்னால் அவள் வாயைத்தான் மோந்து பார்க்கிறேன்.

“அம்மா, பசிம்மா அதுக்கு! கருப்பட்டியக் கரைச்சுக் கொண்டா!” என்று தொழுவத்திலிருந்து கத்தினேன்.

கரைத்து ஊற்றினோம். பாதி கடைவாயில் வழிந்தது. கால்நடை டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். “ரெண்டு நாள் முந்திப் பாத்திருந்தா காப்பாத்திருக்கலாம்,” என்றார். மத்தியானத்துக்குள் ஆடு போய்விட்டது. குட்டிகளும் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போயின.

“வாய மோந்தே பசின்னு எப்படித்தா சொன்ன?” என்று அம்மா கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு எடுப்பது, ரத்தம், மூளை, தெரிந்தும் நான் பேசாமல் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போனவள், தட்டு நிறையச் சோறு போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தட்ட எடுத்ததே நீதான. மறுநா ஒன்னயப் பாத்தா அந்த எலிக என்ன செய்யும்?”

“ஓடி வரும்மா.”

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“நேத்துகூட ஆடு என்னயப் பாத்து எந்திரிச்சு வந்துச்சுத்தா. வெறுங்கைய மோந்து பாத்துச்சு.”

என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. வெட்கமாக இருந்தது. பசித்தது. அவ்வளவு சோற்றையும் தின்றேன்.