இருமப் பயந்தேன்

எண்பதுகளின் நடுவில், கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து நன்றாக இருமச் சொன்னார் டாக்டரம்மா. இல்லாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வந்துவிடுமாம். மயிலத்திலிருந்து துணைக்கு வந்த மாமியாரோ, "அசையாம படுத்துக்கினு இரு. இருமினா தையல் பிரிஞ்சிடும்" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. தொண்டைக்கு வந்த இருமலையெல்லாம் விழுங்கினேன்.

மறுநாள் காய்ச்சல் அடித்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. செத்துப்போய்விடுவேனோ என்று நடுங்கினேன்.

மாமியார் காபி வாங்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். தன் மகள் இருமும்போது வைத்து அழுத்தும் புடவையை மடித்து, என் வயிற்றில் வைத்து அழுத்தினார். "நான் புடிச்சிக்கினு இருக்கேன். நீ இருமும்மா, ஒண்ணும் ஆவாது."

கண்ணை மூடிக்கொண்டு இருமினேன். உயிரே போவதுபோல் வலித்தது. கெட்டியாகச் சளி வந்தது. தையல் பிரியவில்லை.

"புதுப் புடவையாச்சே அக்கா, அழுக்காயிடுச்சே" என்றேன்.

"இருக்கட்டும். போன வருசம் என் தங்கச்சி டிஸ்சார்ஜ் ஆவும்போது கட்டிக்கினு வரட்டும்னு எடுத்தது. அவளும் உன்ன மாதிரிதான் பயந்துக்கினு, கடைசி வரைக்கும் இருமவே இல்ல."

மாமியார் காபியோடு திரும்பி வந்தபோது, அந்தப் புடவையை நானே வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன்.