வெள்ளிக்கிழமை அமெரிக்கா

பிள்ளைகளா,

போன வாரம் போனில் பெரியவள் ஒன்று கேட்டாள். "அப்பா, முன்னாடியெல்லாம் லெட்டர்ல ஒரு பக்கம் அமெரிக்கா பத்தியே எழுதுவீங்க. இப்ப ஏன் ஒரு வரிகூட எழுத மாட்டேங்கிறீங்க?" சின்னவன் பின்னாலிருந்து, "அப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை" என்று சொல்லிச் சிரித்ததும் கேட்டது. நானும் சிரித்துவிட்டு, போன் கார்டு முடியப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கார்டில் பேச நேரம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா துபாயில் ஸ்டோர் கீப்பர் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பீர்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் ஆணி முதல் ஹெல்மெட் வரை எல்லாம், அவற்றை எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கி வைக்கவும் நான். படித்தது பத்தாவது. இங்கிலீஷ் கற்றது சாமான் லிஸ்ட்டைப் பார்த்துத்தான். தங்குவது அஜ்மானில். வாடகை குறைவு என்பதால் கம்பெனி கேம்பை அங்கே வைத்திருந்தது. விடியுமுன் பஸ் ஏறினால் துபாய் சைட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே.

ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். அவர்களில் இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. குளித்துத் துணி அலசிவிட்டு, கீழே இருக்கும் குரோசரியில் பேப்பர் வாங்கி வருவேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு தலைப்புகளைத் தமிழில் சொல்வேன். செய்தியைச் சொல்லி முடித்ததும் யாராவது கேட்பார்கள்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?" அந்தக் கேள்விக்காகத்தான் நான் பேப்பர் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. வாரம் ஆறு நாளும் எவன் வேண்டுமானாலும் என்னை "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டுவான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் நான் பேச எட்டுப் பேர் ரூமில் ஏழு பேர் கேட்பார்கள்.

எங்கள் ரூம் பிளம்பர் மன்னார்குடிப் பக்கம். வாய் சும்மா இருக்காது. "சத்தம் போடாதீங்கடா. அண்ணன் இப்பதான் அமெரிக்க ஜனாதிபதிகிட்ட பேசிட்டு போனை வச்சிருக்காரு" என்பான். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இங்கே வந்து சாரம் கட்டும் வேலை பார்த்தார். கட்டடம் எவ்வளவு உயரம் போகிறதோ அதற்கு மேலே இரும்புக் குழாயை நிறுத்தி, கிளாம்ப் மாட்டி, பலகை போட்டுக் கொடுப்பார். என்னைவிட நாலு வயது சின்னவர் என்றாலும் எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் ஷார்ஜாவுக்குக் கோயிலுக்குப் போவார். அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். திரும்பி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு என் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்காருவார். நான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட விடமாட்டார்.

அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் ஈராக் சண்டை. சண்டை வரும் என்று பேச்சு எழுந்தபோது கேம்பில் பாதிப் பேர் ஊருக்குப் போகத் துணிந்துவிட்டார்கள். அவரும் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருந்தார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "சண்டை நடக்கும். ஆனா இந்தப் பக்கம் ஒரு குண்டு விழாது. அமெரிக்காக்காரனுக்கு இங்க நிறைய வேலை இருக்கு, இத கெடுத்துக்க மாட்டான். பேசாம இருங்க." அதே மாதிரி நடந்தது. அவர் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவருக்கு நான் சொல்வதுதான் செய்தி. நான் சொன்னது எப்படிப் பலித்தது என்று எனக்கே தெரியாது. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

2008-இல் நோன்பு மாதம். அமெரிக்காவில் பெரிய பேங்க் ஒன்று மூழ்கிவிட்டது என்று பேப்பரில் பாதிப் பக்கத்துக்குப் படம். கோட்டு சூட்டு போட்ட ஆட்கள் அட்டைப் பெட்டியில் சாமானை அள்ளிக்கொண்டு ஆபீசை விட்டு வெளியே வருகிறார்கள். நான் படத்தை எல்லோருக்கும் காட்டி, "பாருங்கடா, நம்மள மாதிரியே பொட்டி தூக்குறான்" என்றேன். ரூமே சிரித்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர் மட்டும், "பாவம் அண்ணாச்சி, அவனுக்கும் பிள்ளைக இருக்கும்லா" என்றார்.

அந்த மாதம் முழுக்க எனக்குக் கொண்டாட்டம். வீட்டுக் கடன் என்றால் என்ன, கட்ட முடியாதவனுக்கு ஏன் கடன் கொடுத்தார்கள், தேர்தலில் யார் வருவார், வந்தால் சண்டையை நிறுத்துவாரா என்று தினமும் கேள்வி. பக்கத்து ரூமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் உங்களுக்கும் நாலு பக்கம் எழுதினேன். பாதி எனக்குப் புரியாமலே எழுதியது.

பெருநாள் லீவு முடிந்த வாரம், கேம்பைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர், நாங்கள் கேம்ப் பாஸ் என்போம், ஒரு பேப்பரோடு வந்தார். சவூதியில் யான்புவில் எண்ணெய் சுத்திகரிக்கிற இடத்தில் எங்கள் முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கு வேலை கிடைத்திருக்கிறது; சாரம் கட்டுகிறவர்கள் வேண்டும்; இரண்டு வருஷம்; விருப்பப்பட்டவர்கள் மூன்று நாளில் கையெழுத்துப் போடலாம்.

அன்று சாயங்காலம் தூத்துக்குடிக்காரர் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே என் ஸ்டோருக்கு வந்தார். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குப் போவலாம்னுதான் தோணுது. அங்க கோயில் கெடையாது. அது ஒண்ணுதான் மனசுக்குச் சங்கடம். ரெண்டு வருசம் ரூம்லயே செபம் சொல்லிக்கிடலாம். மக நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கா. அவ முடிக்கிற வரைக்கும் எனக்கு வேல இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இங்க வேலைக்கு என்ன குறைச்சல்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "மேல நின்னு பாத்தா, கடல் பக்கம் ரெண்டு சைட்ல கிரேன் சுத்தவே இல்ல அண்ணாச்சி. ஒரு வாரமா பாக்குதேன்."

"லீவுக்குப் போன ஆளுக இன்னும் திரும்பியிருக்க மாட்டாங்க" என்றேன். பிறகு விளக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளா, அன்று பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அமெரிக்கா விழுந்தால் எண்ணெய் வாங்க ஆள் இருக்காது, எண்ணெய் விலை இறங்கும், அப்போது முதலில் அடி வாங்குவது சவூதி. துபாய்க்கு எண்ணெய் கிடையாது, அதனால் பயம் கிடையாது. அமெரிக்காவில் பணம் போட்டவனெல்லாம் பயந்து போய் இங்கே கொண்டுவந்துதான் கொட்டுவான். "பாதி கட்டுன டவரை எவனாவது அப்படியே விட்டுட்டுப் போவானா? நீங்க யோசிச்சுப் பாருங்க. பேசாம இங்கயே இருங்க."

அவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். மூன்றாம் நாள் கேம்ப் பாஸ் வந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரோடு சாரம் கட்டிய நான்கு பேர் போனார்கள்.

இங்கே ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அவர் கிரேனைப் பற்றிச் சொன்ன அன்று, என் ஸ்டோருக்கு வர வேண்டிய கம்பி லாரி வராமல் பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. பலகை கேட்டு அனுப்பிய கடிதத்துக்கும் ஆபீசிலிருந்து பதில் இல்லை. நான் உட்கார்ந்திருந்த கொட்டகையில் அலமாரிகள் காலியாகிக்கொண்டிருந்தன. வாரத்தில் ஆறு நாள் என் கண் முன்னால் நடந்த விஷயம் அது. அவர் மேலே நின்று கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நான் கீழே உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, போகாத ஊரின் செய்தியை வைத்து அவருக்குப் பதில் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், அவர் தன் மனசுப்படி கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வார்த்தையை அந்த ரூமில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை யார் வந்து கேட்பார்கள்?

நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல் முடிந்தது. ரூமில் பந்தயமெல்லாம் வைத்தார்கள். நான் சொன்னவர் தோற்றார். பிளம்பர், "அண்ணன் ஓட்டுப் போடாததால வந்த வினை" என்று ஒரு வாரம் ஓட்டினான். அதையும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். தேர்தல் முடிவு தப்பாகப் போனபோதாவது மற்றதை யோசித்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் சைட்டை நிறுத்தினார்கள். பாதியில்தான் நிறுத்தினார்கள். மேல் தளத்தில் தூண் கம்பிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. லிஸ்ட் ஒட்டினார்கள். சாரம் கட்டுகிறவர்களில் மிச்சமிருந்த எல்லோர் பெயரும் அதில் இருந்தது. என் பெயர் இல்லை. மூடின சைட்டிலும் சாமானைக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டுமே.

கம்பெனியை விட்டுப் போகிறவர் ஸ்டோரில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுத்து, கிளியரன்ஸ் ஃபார்மில் என் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் பாஸ்போர்ட் கைக்கு வராது. தூத்துக்குடிக்காரர் காலையிலேயே முதல் ஆளாக வந்துவிட்டார். ஹெல்மெட், ஸ்பேனர், இடுப்பில் மாட்டும் சேஃப்டி பெல்ட். பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அதுவரை எனக்கு யாரும் பெல்ட்டைத் துவைத்துக் கொடுத்ததில்லை.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"பாக்க என்ன இருக்கு. வச்சிட்டுப் போங்க."

"இல்ல, பாத்துக்கிடுங்க. நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா உங்க தலையில வரும்."

பார்ப்பது மாதிரிக் குனிந்துகொண்டேன். "வீட்ல என்ன சொன்னாங்க?"

"மககிட்ட இன்னும் சொல்லல. லீவுல வாரேம்னு சொல்லியிருக்கேன். அங்க போயி மொள்ள சொல்லிக்கிடலாம். மச்சான் வள்ளத்துல போவணும், வேற என்ன செய்ய. கைதான் கடல மறந்துபோச்சி."

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் ஃபார்மை வாங்கி ஊதி மை காய வைத்தபடி சொன்னார்: "அமெரிக்காக்காரன் எங்கயோ இருந்து கடன் வாங்குனதுக்கு இங்க நான் பொட்டி கட்டுதேன் பாத்தியளா? அவன் பண்ணுன வேலைக்கு நீங்க என்ன செய்விய, நான் என்ன செய்வேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் உங்களை நிறுத்தினேன் என்று ஒரே ஒரு வாக்கியம். நான் தலையை ஆட்டி, "ஆமா, அமெரிக்காக்காரன் பண்ணுன வேலை" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். எனக்கு அவர் கொடுத்த மன்னிப்பா அது, அல்லது உண்மையிலேயே அமெரிக்காவைத்தான் நினைத்தாரா, இன்றுவரை தெரியவில்லை.

மகளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அமெரிக்காவைப் பற்றி எனக்கு இப்போதும் கருத்து இருக்கிறது. கட்ட முடியாதவனுக்குக் கடன் கொடுத்தது தப்பு, அந்தப் பெரிய ஆட்கள் செய்ததற்கு எங்களைப் போன்றவர்களுக்கு வேலை போனது அநியாயம். அதையெல்லாம் இன்னும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால், அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வது மாதிரி இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறீர்கள். செய்தியெல்லாம் பாருங்கள், பேசுங்கள். ஒருவர் தன் வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உங்களைக் கேட்டால் மட்டும், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அவர் விமானம் ஏறிய மறுநாள் வெள்ளிக்கிழமை. டூட்டி இல்லாத நாளில், யாரிடமும் சொல்லாமல், இரண்டு டாக்சி மாறி சைட்டுக்குப் போய் ஸ்டோரைத் திறந்தேன். யான்பு ஸ்டோருக்குச் சாமான் மாற்றி அனுப்பிய பழைய காகிதத்தில் அந்த சைட்டின் ஃபேக்ஸ் நம்பர் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். ஏழு வருஷமாக இவருக்குச் சாமான் கொடுத்து வாங்கியிருக்கிறேன். இவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை. ஒரு நாளும் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததில்லை. பெல்ட் போடாமல் மேலே ஏறி நான் பார்த்ததில்லை. யான்புவுக்கு வர விருப்பப்பட்டவரை நான் தப்பான யோசனை சொல்லித் தடுத்துவிட்டேன். ஆள் தேவைப்பட்டால் தயவுசெய்து இவரைக் கூப்பிடுங்கள். கீழே அவர் ஊர் விலாசத்தை எழுதினேன். நான் கண்ணால் காணாத எதையாவது எழுதியிருக்கிறேனா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு காகிதத்தை ஸ்டோர் மூலையில் இருந்த ஃபேக்ஸ் மெஷினில் வைத்து நம்பரை அழுத்தினேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாம் தடவை மெஷின் காகிதத்தை மெதுவாக உள்ளே இழுத்தது. கடைசி வரி உள்ளே போகும் வரை பக்கத்திலேயே நின்றேன்.