ஏணி எந்தப் பக்கம் வழுக்கும்?

1. கடைசி பெஞ்ச்

"அன்பரசனை அனுப்பிட்டு வேற ஆள் பாக்கலாம்னு இருக்கேன். நீங்களும் ஒரு வார்த்தை சரின்னு சொல்லிடுங்கம்மா" என்றார் பிரின்சிபால்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில், ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் பிரிவுக்கு அப்போது நான் பொறுப்பாளர். அன்பரசன் முதலாண்டு மாணவர்களுக்கு மெக்கானிக்ஸ் எடுத்தார். பக்கத்து ஊரான தாமலிலிருந்து பைக்கில் வருவார். இரண்டு இன்டர்னல் தேர்வுகளிலும் அவர் பாடத்தில் பாதி வகுப்புக்கு மேல் ஃபெயில்.

"முதல்ல அவர் வகுப்பைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், ஒன்றும் சிக்கவில்லை. தெளிவான குரல், போர்டில் அழகான கையெழுத்து. யாரும் தூங்கவில்லை, போனை நோண்டவில்லை. "புரியுதாபா?" என்று அவர் கேட்டால், நிஜமாகவே புரிந்த முகங்கள். அப்புறம் எப்படி ஃபெயில்? வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் இதே யோசனை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பக்கத்திலிருந்த ஷகிலா என்ற மாணவியிடம், அன்று போட்ட கணக்கையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"எங்கம்மா இடிக்குது?"

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மேடம். சார் படம் போட்டுட்டா மீதிய போட்டுடுவேன்."

படம் என்றால் ஃப்ரீ பாடி டயகிராம். ஒரு பொருளைத் தனியாக வரைந்து, எந்தெந்த விசை அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, இழுக்கிறது என்று அம்பு போடுவது. வரைந்து கொடுத்தேன். மளமளவென்று முடித்துவிட்டாள். இன்னும் சிலரிடம் கேட்டேன். அதே கதைதான்.

அன்பரசனிடம் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. "அதுதான் மேடம் கஷ்டமான இடம். பசங்க தடுமாறுவாங்கன்னு நானே போட்டுக் குடுத்துடுறேன்."

"இனிமே அதை மட்டும் நீங்க போடாதீங்க."

"போர்ஷன் எப்படி மேடம் முடியும்?"

நியாயமான கேள்வி. லெசன் பிளானை மறுபடி போட்டோம். அவர் தீர்த்துக் காட்டும் கணக்குகளைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தில் மாணவர்களே படம் போடுவதாக வைத்தோம்.

2. ஏணி

அடுத்த வாரமே மாணவர்கள் பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டார்கள். "சார் பாடமே நடத்த மாட்டேன்றாரு. கேள்வியப் போட்டுட்டு நின்னுக்கினு இருக்கிறாரு."

பிரின்சிபால் என்னையும் அழைத்துக்கொண்டு நேரே வகுப்புக்கு வந்தார். அவர் கோபத்தைப் பார்த்து, எல்லாம் இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போர்டில், சுவரில் சாய்த்த ஏணி. அதன் காலடியில் உராய்வு விசை சுவரை விட்டு வெளியே போவதாக ஷகிலா அம்பு போட்டிருந்தாள். "இல்ல, சுவரு பக்கம்" என்றான் யுவராஜ் என்ற மாணவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. அன்பரசன் வாயைத் திறக்கவில்லை. அவர் கையிலிருந்த சாக்பீஸ் துண்டு துண்டாக உடைந்துகொண்டிருந்தது.

பிரின்சிபால் வேதியியல்காரர். கொஞ்ச நேரம் பார்த்தார், அடக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி மாதிரி இருக்குது" என்றார்.

யுவராஜ் வெளியே ஓடி, ட்யூப்லைட் மாட்டுவதற்காக வராந்தாவில் வைத்திருந்த மூங்கில் ஏணியைத் தூக்கி வந்தான். சுவரில் சாய்த்துக் கையை விட்டான். ஏணியின் கால் டைல்ஸில் சர்ரென்று வெளியே வழுக்கியது. பிரின்சிபால் பாய்ந்து ஷூவால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

"சார், அப்படியே இருங்க" என்றாள் ஷகிலா. "இப்போ உங்க கால் ஏணிய எந்தப் பக்கம் தள்ளுது?"

அவர் குனிந்து பார்த்தார். "சுவரு பக்கம்மா."

"அப்போ உராய்வும் அந்தப் பக்கந்தான் சார் தள்ளணும்" என்று அவளே போய் அம்பை அழித்துவிட்டுத் திருப்பிப் போட்டாள். வகுப்பு சிரித்தது, பிரின்சிபாலும்தான்.

"இந்த செமஸ்டர் போவட்டும், பாக்கலாம்" என்று மட்டும் வெளியே வந்து சொன்னார்.

கடைசி யூனிட்டை சனிக்கிழமைகளில் ஓட்டமாக முடிக்க வேண்டியிருந்தது. பரீட்சையில் எல்லாரும் தேறிவிடவில்லை. ஆனால் முன்பைவிட நிறையப் பேர் தேறினார்கள். அன்பரசனும் வேலையில் நீடித்தார். எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். "வாய மூடிக்கினு இருக்கிறதுதான் மேடம்" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தில் எந்த இடம் மிகக் கடினமோ, அந்த இடத்தில் வேலை மாணவர் கையில் இருக்கட்டும். அங்கே நாம் உதவி என்று செய்வது, அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதை நாம் எடுத்துக்கொள்வதுதான்.